ஓடுபாதையில் மின்னாத மனிதன்

செத்தவனின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் பொங்கியண்ணனால் முடியும். வேலாத்தாளால் முடியாது. அவள் தன் டம்ளரை ஜன்னல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பரணி. தெற்கே காற்றாலைகளுக்கு அந்தப் பக்கம், பனியன் பண்டல்களை ஏற்றிப் போவதற்கென்றே புதிதாகத் திறந்திருந்த சரக்கு விமான நிலையத்தில் அவளுக்கு வேலை. உயரமான கோபுரத்தில் உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது இறங்கலாம் என்று வாய்ச்சொல்லால் உத்தரவு கொடுக்கிற வேலை. நெசவுக் குடும்பத்துப் பெண். அவள் அப்பன் ஆறுமுகசாமி வருசம் தவறாமல் பழனிக்கு நடந்தே போகிறவர். மகளுக்கு அந்த வேலை கிடைத்தபோது தாங்கள் குடியிருக்கிற மண்ணரை முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். போன வாரம் அதே தெருவில் யாரோ அவர் வீட்டுக் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"மறுக்கா ஒருக்கா சொல்லு கண்ணு" என்றார் பொங்கியண்ணன். போலீஸ் ஏட்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, எலாஸ்டிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். இதுவரை அவர் துப்பறிந்ததெல்லாம் காணாமல் போன நூல் கோன்களும், முதலாளி மகளோடு ஓடிப்போன கட்டிங் மாஸ்டர்களும்தான். ஆள் செத்த கேஸ் இதுதான் முதல்.

பரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரன்வே ஓரத்துல வரிசையா விளக்கு இருக்குமுங்க. விடிகாலைல அதைத் தொடைக்க கான்ட்ராக்ட் ஆளுங்க வேன்ல உள்ள போவாங்க. அன்னைக்கும் கேட்டாங்க, போகச் சொன்னேன். அப்பறம், வண்டி வெளிய வந்துருச்சுன்னு சூப்பர்வைசர் ரேடியோவுல சொன்னாரு. அவரு சொன்னாலும் நாங்க பைனாகுலர்ல ஒருக்கா பார்க்கோணுமுங்க. பார்த்தேன். ஆளு யாரும் தெரியலீங்க. அப்பறந்தான் பிளேனை இறங்கச் சொன்னேன்."

"ஆனா ஆளு இருந்தான்."

"இருந்தாருங்க."

முனீஸ் என்று பெயர். சாத்தூர்ப் பக்கத்துக்காரன். பிழைக்க வந்தவன். வண்டி அவனை விட்டுவிட்டு வெளியேறியிருந்தது. ஓடுபாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தவனின் தலையில் விமானத்தின் தாழ்ந்த இறக்கை தட்டியது. உடம்பில் வேறு கீறல் இல்லை.

"விசாரணை நாளைக்குக் காலைலங்க" என்றாள் பரணி. "லைசென்ஸ் போறதோட நிக்காது, ஜெயிலுக்கும் போகோணும்னு வக்கீலு சொல்றாரு. கான்ட்ராக்ட்காரங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதானுங்க. செத்தவரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டிருந்தாராம். அதுமேல வெளிச்சம் பட்டா எத்தனை தூரத்துல இருந்தாலும் மின்னும். மின்னுற ஆளைப் பார்க்கலீன்னா நான் தூங்கிட்டேன்னுதான அர்த்தம்?"

அதைத்தான் சூப்பர்வைசர் சென்னியப்பன் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். அதைத்தான் முனீசின் பெண்டாட்டி ராமுத்தாய் டிவிக்காரர்கள் முன்னால் மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள்: 'எம்புருசன் மின்னிக்கிட்டு நின்னாக. மேல இருந்தவ கண்ண மூடிக்கிட்டா.' அந்த அழுகையைப் பார்த்த யாருக்கும் அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. வேலாத்தாளும் அன்றைக்கு அழுதிருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ கண்ணு. ராத்திரிக்குள்ள சொல்லியனுப்பறேன்" என்று பரணியை அனுப்பிவிட்டுப் பொங்கியண்ணன் போட்டோவை நீட்டினார். பழைய சிநேகிதப் போலீஸ்காரர் ஒருவர் ரகசியமாகக் கொடுத்தது. "டீ ஆறிப்போச்சு. இதையாவது பாரு வேலாத்தா."

"காலங்காத்தால பொணத்தைக் காட்டிப் பசியாத்துற ஒரே முதலாளி நீங்கதான் ஏட்டய்யா."

சொன்னாளே தவிர வாங்கிப் பார்த்தாள். பனியன் கம்பெனியில் ஃபிளாட்லாக் தையல் மிஷினில் குனிந்து குனிந்து முதுகு போன பிறகுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். ஆனால் துணி என்றால் கண் தானாக ஓடும். முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தாள். தார் நிறத்து யூனிஃபார்ம். அதன்மேல் பச்சையும் வெள்ளியுமாக ஜாக்கெட். முன்பக்கம் அமுக்கி மாட்டுகிற ஐந்து டிச் பட்டன்.

"ஏட்டய்யா, நீங்க சட்டைக்குப் பட்டன் எப்புடிப் போடுவீங்க?"

"எல்லாரும் போடற மாதிரித்தான்."

"அவசரத்துல?"

"ரெண்டு போடுவேன். இல்லாட்டித் தொறந்தே உட்ருவேன்."

"இங்க பாருங்க. மொதல்லது போட்டிருக்குது. ரெண்டாவது இல்லை. மூணாவது போட்டிருக்குது. நாலாவது இல்லை. அஞ்சாவது போட்டிருக்குது. எந்த ஆம்பளையாவது தனக்குத்தானே இப்படிப் போட்டுக்குவானா? மாத்திப் போட்டு இழுத்துக்கிட்டு நிப்பானுங்க, அது வேற."

பொங்கியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "கம்பெனியில சட்டையை மடிச்சு பாக்கெட்ல போடறப்ப இப்படித்தான போடுவாங்க?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு. பேக்கிங் முறை."

"அப்ப பாக்கெட்டைப் பிரிச்ச வாக்குல, பட்டனைக்கூடக் கழட்டாம, தலைவழியா அவனுக்கு மாட்டியிருக்கறாங்க. செத்ததுக்கு அப்பறம்!"

"அப்புடித்தான் தோணுது. ஜாக்கெட் தச்ச கம்பெனியோட லேபிள் தெரியுதுங்க. முதலிபாளையம்."

"கிளம்பு."

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலாத்தாளின் மொபெட்டில் போனார்கள். அவர் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். "சர்வீஸ்ல இருந்தப்ப எத்தனை திருடனைப் புடிச்சீங்களோ தெரியாது, இப்ப என்ற வண்டிக் கம்பியை நல்லாப் புடிக்கறீங்க" என்றாள். அவர் குழிகளுக்குப் பயந்து கண்ணை மூடியிருந்தார்.

சோற்று நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. பேக்கிங் சூப்பர்வைசர் விஜயகுமாரி டிபன் பாக்ஸைத் திறந்தபடியே போட்டோவை எட்டிப் பார்த்தாள். ஜாக்கெட் மட்டும் தெரியும்படி பொங்கியண்ணன் மடித்துக் காட்டினார்.

"எங்க பீஸ்தானுங்க. ஆனா இப்புடி நாங்க அனுப்பலைங்களே."

"எப்புடி?"

"பட்டன் போட்டு. சட்டைக்குத்தானுங்க ஒண்ணு விட்டு ஒண்ணு போடுவோம், காலர் நிக்கறதுக்கு. இதுக்குக் காலரே இல்லீங்க. தொறந்து போட்டு, ரெண்டா மடிச்சு, கட்டாக் கட்டி அனுப்பிருவோம். ஒரு பட்டனையும் தொடறதில்லைங்க."

பொங்கியண்ணனின் முகம் தொங்கிப்போனது. காலையிலிருந்து அவர் கட்டி வைத்திருந்த கட்டிடம் அது. வேலாத்தாள் மட்டும் விஜயகுமாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே விஜயகுமாரி மேசையில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் சோற்றில் இருந்தது. வாய் பேச்சில் இருந்தது. விரல்கள் மட்டும் ஒன்று, மூன்று, ஐந்து என்று போய்க்கொண்டிருந்தன.

"ஏனக்கா, உங்க ஊட்டுல பசங்களுக்கும் இப்புடித்தான் போட்டு உடுவீங்களா?"

விஜயகுமாரி சிரித்தாள். "அதை ஏன் கண்ணு கேக்கற. என்ற பையன் ஸ்கூலுக்குப் போயி, மிச்சப் பட்டனை அவனே போட்டுக்குவான். கை பாட்டுக்குப் போயிருது. தூக்கத்துல போர்வையைக் குடுத்தாலும் பட்டன் தேடும்."

வேலாத்தாள் பொங்கியண்ணனைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பாக்கெட்டில் வரும்போதே போட்டிருந்த பட்டன் இல்லை அது. பேக்கிங்கில் பழகிய ஒரு கை போட்ட பட்டன்.

"இந்த ஜாக்கெட்டை ஏர்போர்ட் கான்ட்ராக்டருக்கு எப்பங்க அனுப்புனீங்க?"

"அங்க ஆடிட் வருதுன்னு அவசரமாக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்களே" என்று குரலைத் தாழ்த்தினாள் விஜயகுமாரி. "சரக்கு வாங்கற பையர் வர்ற அன்னைக்கு எங்களுக்கு மாஸ்க்கு, கிளவுசு, காதுக்குப் பஞ்சு எல்லாம் குடுப்பாங்க. கார் கேட்டைத் தாண்டறதுக்குள்ள திருப்பி வாங்கி பீரோவுல பூட்டிருவாங்க. அங்க மட்டும் வேற மாதிரியா இருக்கப்போகுது?"

கிளம்பும்போது வேலாத்தாள் ஒரு சாம்பிள் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கான்ட்ராக்டர் ஆபீஸ் தாராபுரம் ரோட்டில் இருந்தது. சென்னியப்பன் வாசலில் நின்று போனில் யாருக்கோ 'சரிங் சார், சரிங் சார்' போட்டுக்கொண்டிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போலப் பேச்சைத் தொடங்கினார் பொங்கியண்ணன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நல்ல மனுசனுங்க. ஜாக்கெட் இல்லாம ரன்வேல கால வெக்க மாட்டான்."

"அந்த ஜாக்கெட்டுதானுங்ண்ணா, நானும் ஒண்ணு வாங்கிட்டேன்" என்று பையிலிருந்து எடுத்தாள் வேலாத்தாள். "ராத்திரில வண்டி ஓட்டறேன் பாருங்க. ஆனா எனக்குத் தொளதொளன்னு இருக்குது. உங்களுக்குச் சரியா இருக்குமான்னு போட்டுக் காட்டுங்களேன், மாத்திக்கறேன்."

சென்னியப்பனுக்கு அது பெருமையாக இருந்தது. மாட்டினான். கீழிருந்து மேலாக ஐந்து பட்டனையும் வரிசையாக, சதக் சதக்கென்று அமுக்கினான். லாரி ஓட்டிப் பழகிய தடித்த விரல்கள். வேலாத்தாளுக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆனது. இவன் இல்லை.

"இதுல ஒரு சைஸ் சின்னதும் இருக்குதுங்" என்றான் அவன் தாராளமாக. "உங்களுக்கு வேணும்னா எடுத்துத் தரச் சொல்றேன். ஸ்டோர்ல கட்டே பிரிக்காம கெடக்குது."

"பிரிக்காத கட்டா?" என்றாள் வேலாத்தாள். "அப்ப ஆளுங்க எதைப் போட்டுக்கிட்டுங்ண்ணா ரன்வேக்குப் போனாங்க?"

அவன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள்மேல் எறிந்தான். "யாருங் நீங்க? எந்த டிவி? போங்க அக்கட்டால!"

"உங்களுக்குச் செட்டா இருந்துச்சு, கழட்டிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு வேலாத்தாள் வண்டியை உதைத்தாள்.

ரோட்டுக்கு வந்ததும் பொங்கியண்ணன் சொன்னார்: "ஜாக்கெட் யாருக்கும் குடுக்கலை. அது ருசுவாயிருச்சு. எடுத்துக் குடுத்தது இவன். மாட்டுனது வேற கை. அன்னைக்கு வேன்ல போன ஆளுகள்ல, முன்னால பேக்கிங்ல இருந்தது யாரு? அதைத் தெரிஞ்சுக்கிட்டா கேஸ் முடிஞ்சுது."

"யாரைக் கேக்கறது?"

"முனீசு பொண்டாட்டியத்தான். அவளும் அதே வேன்ல வேலைக்குப் போனவ. கூட இருந்தவன் ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா அவளே காட்டிக் குடுப்பா."

வேலாத்தாளுக்கு அந்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. இருந்தும் போனாள்.

மண்ணரையில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் கடைசி வீடு. ராமுத்தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிமிர்த்தி வைத்த முனீசின் படம். அதற்கு யாரோ சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள், வாடிவிட்டது. அவள் மகள் ஜோதிகா சுவரோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய்க்கு முன்னால் முனீசின் சட்டைகள். ஊருக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். "ஒக்காருங்க. டீ போட ஒண்ணுமில்ல."

"டீ வேண்டாம் கண்ணு."

பொங்கியண்ணன் மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா. அன்னைக்கு வேன்ல வந்த ஆளுகள்ல பனியன் கம்பெனிப் பேக்கிங்ல வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"வேற யாருமில்லைய்யா. நாங்க ரெண்டு பேருந்தான் கம்பெனியில இருந்து போனோம். வேல இல்லாம ஷிப்ட கொறச்சாகள்ல, அப்ப. அவுக அயர்ன். நான் பேக்கிங்."

வேலாத்தாள் ராமுத்தாயின் மடியைப் பார்த்தாள். நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று. முதல் பட்டன் போட்டிருந்தது. மூன்றாவதும் போட்டிருந்தது. விரல் ஐந்தாவதில் இருந்தது.

பொங்கியண்ணன் இருமினார். வேலாத்தாள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அந்த விரலைத் தொட்டாள்.

"நீதான மாட்டி உட்ட?"

ராமுத்தாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சட்டையைப் பார்த்தாள். போட்ட பட்டன்களைப் பார்த்தாள். என்ன கேட்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வேன்ல பின்னால ஏறிட்டாகன்னுதேன் நெனச்சேன்க்கா. அடிபட்டதும் நாந்தேன் மொதல்ல ஓடுனேன்" என்றாள். "தலைய மடியில வச்சிருந்தேன். சூப்பர்வைசரு ஓடியாந்து இந்தக் கோட்டக் குடுத்தாரு. 'போட்டு விடு ராமுத்தாயி, ஜாக்கெட் இல்லாம நின்னான்னு தெரிஞ்சா செத்தவன் மேலயே கேஸ் எழுதிருவாங்க, குடிச்சிட்டு வந்து விழுந்தான்னு எழுதுவாங்க'ன்னாரு. அவுக குடிக்கவே மாட்டாகக்கா. ஞாயித்துக்கெழம கூட மாட்டாக. அப்படி எழுதிட்டா இந்தப் புள்ள எப்படி நாளைக்கு நிமிந்து நடக்கும்? போட்டு விட்டேன். பட்டனும் போட்டேன். எப்படிப் போட்டேன்னே தெரியல."

"அந்தப் பொண்ணு தூங்கிட்டான்னு டிவியில சொன்னியே?"

"தூங்கித்தான இருப்பா?" அவள் குரல் உயர்ந்தது, ஜோதிகா புரண்டு படுத்தாள். உடனே தாழ்த்திக்கொண்டாள். "கோட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஒரு ஆளு நிக்கிறது தெரியாதா? அம்புட்டு ஒசரத்துல ஒக்காந்து என்னத்தப் பாக்குறாக? தூங்கலன்னு சொல்லச் சொல்லுங்க. நானே கேக்குதேன். போனப் போட்டுத் தாங்கக்கா."

பொங்கியண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். வேலாத்தாள் அவரைக் கவனிக்காமல் பரணியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டிக் கீழே வைத்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பரணி அழுகிற சத்தம் கேட்டது. அது நிம்மதியின் அழுகை என்று வேலாத்தாள் நினைத்தாள்.

ராமுத்தாய் போனுக்கு மேல் குனிந்தாள். "ஏந்தாயி, நீ பாத்தியா?"

"பார்த்தேனுங்க்கா. சத்தியமாப் பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சுச்சு?"

"விளக்கு வரிசை தெரிஞ்சுதுங்க. அதுல... ஒரு விளக்கு மட்டும் மறைஞ்சு மறைஞ்சு எரிஞ்சுது. அழுக்கா இருக்கும், இல்லாட்டி ஒயரு லூசா இருக்கும்னு நெனச்சேன். மறுக்கா பார்த்தேன். அதுக்குள்ள நல்லாப் பளிச்சுன்னு எரிஞ்சுது. சரியாயிருச்சுன்னு பிளேனை இறங்கச் சொல்லிட்டேனுங்க்கா."

பொங்கியண்ணன் நிமிர்ந்தார். "இதை நீ எங்ககிட்டச் சொல்லலையே கண்ணு."

"யாருகிட்டயும் சொல்லலீங்க."

சொல்லாததன் காரணம் மூன்று பேருக்கும் விளங்கியது. விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவன் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கை போகும்போதெல்லாம் விளக்கு மறைந்தது. துடைத்து முடித்து எழுந்தான். வண்டி போய்விட்டது தெரியாமல் அதைத் தேடி ஓடுபாதையைக் குறுக்கே கடந்தான். அவன் விலகியதால்தான் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரு நிமிடம் காத்திருந்து யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான். தூங்கவில்லை அவள். பார்த்தாள். பார்த்ததைச் சரியாக நினைக்கவில்லை.

காலையிலிருந்து யாரைக் காப்பாற்ற அலைந்தார்களோ, அவளாலும் முழுசாகக் கைகழுவிக்கொள்ள முடியாது.

"அவுக தொடச்சு முடிச்சிட்டுத்தேன் எந்திரிச்சிருக்காக" என்றாள் ராமுத்தாய். போனைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பொங்கியண்ணன் ராமுத்தாயின் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்கு வந்து ஜாக்கெட் விசயத்தைச் சொன்னீன்னா, சென்னியப்பனும் கான்ட்ராக்டரும் உள்ள போவாங்க. ஆனா உன்மேலயும் கேஸ் வரும். தடயத்தை மாத்துனதுக்கு. யோசிச்சுக்க."

"கோட்டு குடுக்காம அனுப்புனதச் சொல்லலாமா அங்க?"

"அதைத்தான் முதல்ல சொல்லோணும்."

"அப்ப வாரேன்." பிறகு போனுக்குக் குனிந்தாள். "நீயும் அந்த வெளக்கச் சொல்லீரு தாயி."

"சொன்னா என்ற வேலை போயிருமுங்க்கா" என்றது பரணியின் குரல். அதில் இப்போது அழுகை இல்லை. பயம் மட்டும் இருந்தது. "எங்கப்பா..."

"எம்புருசன் போயிட்டாகல்ல."

வெகுநேரம் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வேலாத்தாள் போனை அணைக்கக் கையை நீட்டினாள். ராமுத்தாய் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் காத்திருக்கத் தயாராக இருந்தாள்.

கடைசியில் பரணி சொன்னாள்.

"காலைல எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க்கா? நானும் எங்கப்பாவும் அந்த வழியாத்தான் வருவோம். வண்டில எடம் இருக்குது."